மூங்கில்: வளர்ச்சியும் பயனும் சொல்லும்



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் மூங்கில். மொழி மன்றத்தின் மேடையில் ஒரு தாவரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்ற ஐயம் சிலருக்கு எழலாம். தமிழில் மூங்கிலைக் குறிக்கும் வேறு சொற்கள் யாவை என்று கேட்டால், நன்கு படித்த மாணவர் வேய், கழை, வெதிர், அமை, பணை என்று தயங்காமல் அடுக்குவார். அதற்குரிய மதிப்பெண்ணும் பெறுவார். அதே மாணவரை ஒரு மூங்கில் புதரின் முன் நிறுத்தி, மண்ணைப் பிளந்து வெளிவரும் கூரிய பகுதிக்கு என்ன பெயர், தண்டில் மோதிரம் போல் புடைத்திருக்கும் இடத்துக்கு என்ன பெயர், பிளந்தெடுத்த கீற்றுக்கு என்ன பெயர் என்று வினவினால், விடை வருவது அரிது. ஏட்டில் ஐந்து பெயர் அறிந்தவர், புதரின் முன் சொல்லின்றி நிற்கிறார்.

இந்த இடைவெளியே இன்றைய பேச்சின் பொருள். மூங்கில் எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு பயன்படுகிறது என்பதை முறையாகக் காண்போம். அவ்வாறு காணும்போது, தமிழ்ச் சொற்கள் மனப்பாடப் பட்டியலாக இல்லாமல், பொருளை உற்று நோக்கியவர்களின் அறிவாக விளங்கும்.

புல்லா, மரமா?

முதல் வினா மூங்கில் மரமா என்பது. வானளாவ நிற்பதால் மரம் என்றே பலரும் கூறுவர். தொல்காப்பியத்தின் மரபியல் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. காழ் என்றால் வயிரம், அதாவது உறுதியான பகுதி. அந்த வயிரம் வெளிப்புறத்தில் அமைந்தவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் அமைந்தவற்றை மரம் என்றும் அந்நூல் பிரிக்கிறது. புறக்காழ், அகக்காழ் என்பன அதற்குரிய சொற்கள். தேக்குக் கட்டையை வெட்டிப் பார்த்தால் நடுப்பகுதி வயிரம் பாய்ந்திருக்கும். மூங்கிலை வெட்டிப் பார்த்தால் நடுவே வெற்றிடம். உறுதி முழுவதும் சுற்றுச்சுவரில் இருக்கும். அச்சுவரிலும் உட்பக்கத்தைவிட வெளிப்பக்கமே கடினமானது.

இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புற்குடும்பத்திலேயே வைக்கிறது. நெல், கரும்பு, மக்காச்சோளம் ஆகியவை இடம்பெறும் போயேசி குடும்பமே அது. உலகில் 1,400-க்கும் மேற்பட்ட மூங்கில் இனங்கள் உள்ளன. மூங்கிலின் குறுக்கு வெட்டை உருப்பெருக்கியில் காணும்போது, நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில் நெருங்கியும் உட்புறத்தில் அகன்றும் இருப்பது தெரியும். புறக்காழ் என்ற சொல் சுட்டுவதும் இதனையே.

இதனைச் சொல்லும்போது ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். மரபியலின் பாகுபாடு தெங்கையும் பனையையும்கூடப் புறக்காழ் உடையவையாகவே கொள்ளும். தாவரவியலில் அவை புற்குடும்பம் அல்ல, வேறு குடும்பம். ஆகவே, பழந்தமிழர் இன்றைய வகைப்பாட்டை முன்னரே கூறிவிட்டனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. அவர்கள் தண்டை வெட்டிப் பார்த்து, வயிரம் எங்கே இருக்கிறது என்று கவனித்து, அதற்குச் சொல் படைத்தார்கள் என்பதே நாம் போற்ற வேண்டியது. வகுப்பறைக்கு ஒரு மூங்கில் துண்டையும் ஒரு மரக்கிளைத் துண்டையும் கொண்டு சென்றால், அறிவியலும் இலக்கணமும் ஒரே பாடமாக அமையும்.

வளரும் முறை

மூங்கிலின் வாழ்வு மண்ணுக்கடியில் தொடங்குகிறது. அங்கே கணுக்களுடன் கிடைமட்டமாகப் படரும் ஒரு தண்டு உண்டு. பாடநூல்கள் அதை மட்டநிலத்தண்டு என்கின்றன. அதன் மொட்டுகளிலிருந்தே புதிய முளைகள் மேலெழுகின்றன. நம் வெப்பமண்டல மூங்கில்களில் இத்தண்டு குறுகியது. ஆதலால் கழிகள் நெருங்கிப் புதராக நிற்கும். சீனத்திலும் ஜப்பானிலும் மிகுதியாகக் காணப்படும் வகைகளில் அது நீண்டு ஓடும். ஆதலால் அவை தனித்தனிக் கழிகளாகப் பரந்து காடாகும்.

முளை வெளிப்படும்போதே, எதிர்காலக் கழியின் பருமன் ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. மரம் ஆண்டுதோறும் பருக்கும், மூங்கில் பருப்பதில்லை. மரத்தைப் பருக்கச் செய்யும் கேம்பியம் என்ற திசு மூங்கிலில் இல்லை. கணுக்களும் அவற்றின் இடைவெளிகளும் முளைக்குள்ளேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கணுவுக்கும் மேலே உள்ள இளந்திசு நீள, மடக்கிய தொலைநோக்கியை இழுத்தாற்போலக் கழி உயர்கிறது. முளையைப் போர்த்திருக்கும் மடல்கள் அந்த இளம்பகுதியைக் காத்துப் பின்னர் உதிர்கின்றன. பல கணுக்கள் ஒரே காலத்தில் நீள்வதே மூங்கிலின் விரைவுக்குக் காரணம். சில இனங்கள் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. முழு உயரத்தையும் ஒரு கழி சில மாதங்களிலேயே எட்டிவிடும்.

உயரம் விரைவில் கிடைத்தாலும் உறுதி உடனே வருவதில்லை. வளர்ந்து முடித்த கழி, லிக்னின் படிந்து வயிரம் பெற ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஓராண்டுக் கழியை வெட்டிப் பயன்படுத்தினால் அது காய்ந்து சுருங்கும். எளிதில் உளுத்துப் போகும்.

இங்கே மலாய் மக்களின் பழமொழி ஒன்றை நினைவுகூரலாம். மூங்கிலை வளைப்பதாயின் ரெபோங் பருவத்திலேயே வளைக்க வேண்டும் என்பது அதன் பொருள். ரெபோங் என்பது மூங்கில் முளை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் கேட்பதை, மலாய் மக்கள் மூங்கிலைக் காட்டிக் கேட்கிறார்கள். லிக்னின் படியாத இளந்தண்டு வளையும், படிந்த தண்டு வளையாது என்ற உண்மையே அப்பழமொழியின் அடித்தளம்.

மற்றொரு கதையை ஆராய்ந்து பார்க்க வேண்டியுள்ளது. தன்முனைப்பு உரைகளில் அடிக்கடி சொல்லப்படுவது அது. சீன மூங்கிலுக்கு ஐந்தாண்டுகள் நீர் ஊற்றினாலும் மண்ணுக்கு மேல் ஒன்றும் தோன்றாது, ஐந்தாம் ஆண்டில் சில வாரங்களில் எண்பது அடி வளர்ந்துவிடும் என்பார்கள். மாணவருக்கு ஊக்கம் தரும் கதைதான்; ஆனால் மூங்கில் அவ்வாறு வளர்வதில்லை. விதை முளைத்த சில வாரங்களிலேயே மெல்லிய புல்லைப் போன்ற நாற்று வெளியே தெரியும். அதன்பின் பருவந்தோறும், முந்தியதைவிடச் சற்றுப் பருத்த, சற்று உயர்ந்த கழிகள் தோன்றும். மண்ணுக்குக் கீழே தண்டு எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்கு அடுத்த முளை பெரிதாகும். உண்மை நிகழ்வு, கதையைவிட நல்ல பாடம் தருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் காத்திருந்து ஒருநாள் திடீரென உயர்வதில்லை. ஒவ்வொரு பருவமும் சிறிதளவு வளர்ந்து, அந்த வளர்ச்சி ஈட்டியதைக் கொண்டே அடுத்த பருவம் வளர்கிறது. மொழி கற்பதும் இவ்வாறே நிகழ்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

பூக்கும் காலம்

மூங்கிலின் வியப்புகளில் தலையாயது அது பூக்கும் முறை. பல இனங்கள் பல்லாண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கின்றன. ஒரு நிலப்பரப்பில் உள்ள ஒரே இனத்துப் புதர்கள் அனைத்தும் ஒரே காலத்தில் பூத்து, விதை உதிர்த்து, மடிந்துபோவதும் உண்டு. இந்தியாவின் வடகிழக்கில் உள்ள மிசோரம் மாநிலத்தில் மிகுதியாக வளரும் ஒரு மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு பூக்கிறது. விதைகளைத் தின்று எலிகள் பெருகுகின்றன, விதை தீர்ந்ததும் அவை வயல்களுக்குப் பாய்கின்றன, பஞ்சம் வருகிறது. மிசோ மக்கள் இதனை மௌதாம் என்கின்றனர். மூங்கிலின் சாவு என்பது அச்சொல்லின் பொருள். 1959-இல் வந்த மௌதாமின்போது, நிவாரணம் போதவில்லை என்ற மனக்குறையில் உருவான பஞ்ச நிவாரண அமைப்பு அரசியல் இயக்கமாக மாறி, 1966-இல் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. ஒரு புல் பூத்ததன் விளைவு ஒரு நாட்டின் அரசியல் வரலாற்றில் இடம்பெற்றது. அடுத்த பூப்பு 2006-இல் தொடங்கியபோது, அது வரும் என்பது முன்னரே கணிக்கப்பட்டிருந்தது.

மூங்கில் விதையைத் தமிழர் மூங்கில் நெல் என்றும் மூங்கிலரிசி என்றும் வழங்குகின்றனர். புற்குடும்ப உறவு இப்பெயரில் தெளிவாக இருக்கிறது. நீலகிரியிலும் வயநாட்டிலும் வாழும் பழங்குடி மக்கள், மூங்கில் பூக்கும் ஆண்டில் நிலத்தைப் பெருக்கி விதைகளைச் சேகரிப்பார்கள்.

புறநானூற்றின் 109-ஆம் பாடலில் கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பாடுகிறார். மூவேந்தர் முற்றுகையிட்டிருக்க, உழவர் உழாமலே அம்மலை தரும் விளைபொருள்கள் நான்கு என்று எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் முதலாவது மூங்கில் நெல். பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவை மற்றவை. மூங்கில் பூக்கும் முறையை அறிந்த மாணவர் இங்கே ஒரு வினா எழுப்பலாம். பல்லாண்டுகளுக்கு ஒருமுறை விளைவதை நம்பி முற்றுகையைத் தாங்க முடியுமா? புதர்கள் வெவ்வேறு காலத்தில் பூத்தால் ஆண்டுதோறும் ஓரளவு கிடைக்கும். எல்லாம் ஒருங்கே பூத்தால் அடுத்த ஆண்டு ஒன்றும் இராது. புலவர் மலையின் வளத்தைப் பாடுகிறாரா, பகைவரை மலைக்கச் செய்கிறாரா என்ற இலக்கிய விவாதத்துக்கு இவ்வினா வழி திறக்கும்.

பாட்டில் நிற்கும் சொற்கள்

அப்பாடலில் கபிலர் மூங்கிலுக்கு வழங்கும் சொல் வெதிர். குறுந்தொகையின் 54-ஆம் பாடலில் வருவது கழை. தினைப்புனம் காப்போர் எறியும் கவணின் ஒலிக்கு அஞ்சிய யானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பசிய மூங்கிலைச் சட்டென்று விட்டுவிடுகிறது. மீன் கவ்வியதும் மேலே இழுக்கப்படும் தூண்டில் கோலைப் போல அது நிமிர்ந்தெழுகிறது. இந்த உவமையே புலவருக்குப் பெயராயிற்று. அவரை மீனெறி தூண்டிலார் என்கிறோம். மூங்கிலின் மீள்திறனை இவ்வளவு துல்லியமாகக் காட்டுவதற்கு, யானை வளைத்த மூங்கிலையும் மீனவர் கோலையும் நேரில் கண்டிருக்க வேண்டும்.

அகநானூற்றின் 82-ஆம் பாடலில், அசையும் மூங்கிலில் வண்டுகள் இட்ட துளைகளில் கோடைக்காற்று புகுந்து குழலிசையாகிறது. அருவி முழவாகவும் மயில் ஆடுபவளாகவும் விரியும் அந்தக் காட்சியில் மூங்கிலுக்கு வழங்கும் சொல் அமை. பாடியவர் கபிலரே.

இவை கறாராக வரையறுக்கப்பட்ட கலைச்சொற்கள் அல்ல. ஒன்றன் இடத்தில் மற்றொன்றும் வரக்கூடும். ஆயினும் பாட்டோடும் காட்சியோடும் கற்றால், வெதிர் என்றதும் நெல்லும், கழை என்றதும் நிமிர்ந்தெழும் கோலும், அமை என்றதும் குழலிசையும் மாணவர் மனத்தில் தோன்றும். கழை என்ற சொல் நீண்ட கோலின் மீது ஆடும் கழைக்கூத்தாடியின் பெயரில் இன்றும் வாழ்கிறது. வேய் என்ற சொல் வேய்ங்குழலில் வாழ்கிறது. காட்சி நீங்கிய வெறும் பட்டியலோ, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகிறது.

நம் மண்ணில் மூங்கில்

சங்கப் பாட்டின் மலைகள் நமக்குத் தொலைவில் உள்ளன. மூங்கிலோ அருகிலேயே இருக்கிறது. சிலாங்கூரின் சுங்கை பூலோவுக்குப் பொருள் மூங்கிலாறு. அதே பெயரைத் தாங்கிய சிங்கப்பூரின் சதுப்புநிலம் 2002-இல் இயற்கைக் காப்பகமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. நாள்தோறும் இப்பெயரை உச்சரிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, திருநெல்வேலிக்கும் வேணுவனம் என்ற பழம்பெயர் உண்டு, நெல்லையப்பர் கோயிலின் தலமரம் மூங்கில் என்று சொன்னால், இரண்டு ஊர்களும் ஒரே தாவரத்தால் பெயர் பெற்றமை விளங்கும்.

மூங்கில் வகைகளுக்குப் பெயரிடுவதிலும் இவ்வொற்றுமை உண்டு. முள் நிறைந்ததைத் தமிழர் முள்மூங்கில் என்றனர். மலாய் மக்கள் அத்தகையதைப் பூலோ டூரி என்றனர். டூரி என்றாலும் முள்ளே. உள்ளீடு ஏறத்தாழ நிறைந்த கெட்டியான வகையைத் தமிழில் கல்மூங்கில் என்பர். தடிக்கும் கம்புக்கும் உகந்தது அது. தீவகற்பத்தில் மிகப் பெரியதாக வளரும் பூலோ பெத்தோங், உண்ணத்தக்க முளைக்குப் பெயர்பெற்றது. மூங்கில் முளையைப் பச்சையாக உண்ணலாகாது. அதில் சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. நன்கு வேகவைத்து நீரை வடித்தால் அது நீங்கும்.

நோன்புப் பெருநாளில் நாம் விரும்பி உண்ணும் லெமாங்குக்குச் சுவர் மெல்லியதான மூங்கிலைத் தேர்வார்கள். கணுவை அடியாக வைத்து நறுக்கிய குழலினுள் இளம் வாழையிலையைச் செருகி, பசையரிசியும் தேங்காய்ப்பாலும் இட்டு, நெருப்பருகே சாய்த்துத் திருப்பித் திருப்பிச் சில மணிநேரம் வேகவைப்பர். பச்சை மூங்கிலில் ஈரம் இருப்பதால் அரிசி வேகும்வரை குழல் எரிந்துபோவதில்லை. நம் புட்டும் ஒரு காலத்தில் மூங்கில் குழலிலேயே வெந்தது. மலாய் மக்களும் புத்து என்ற பெயரில் மூங்கில் குழலில் மாவை ஆவியில் அவிக்கிறார்கள்.

தீவகற்பத்தின் பழங்குடி மக்களான ஓராங் அஸ்லியர், கணுவிடை மிக நீண்ட மலை மூங்கிலைத் தேடிச் சென்று ஊதுகுழலாயுதம் செய்கின்றனர். தெமியார் மக்களின் செவாங் சடங்கில், பெண்கள் நீளம் வேறுபட்ட இரு மூங்கில் குழல்களைக் கட்டையில் தட்டித் தாளம் எழுப்புவர். இந்தோனேசியாவின் அங்குலோங் இசைக்கருவியை யுனெஸ்கோ 2010-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் பள்ளி மாணவரும் அதனை இசைக்கின்றனர். குழலின் நீளத்துக்கேற்பச் சுருதி மாறும் என்பதைக் கற்பிக்க அதைவிட எளிய கருவி இல்லை.

தமிழர் வாழ்வோடு நேரே பிணைந்தது தோளில் சுமக்கும் கோல். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கோலின் இரு முனைகளிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற உணவே நாசி கண்டார். கண்டார் என்பது தோள்கோலால் சுமத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல். ரப்பர்த் தோட்டங்களில் பால் வாளிகளைச் சுமந்த கோலும் காண்டா என்று வழங்கப்பட்டது. இவ்வாறு சுமப்பதற்குத் தமிழில் காவுதல் என்ற வினை உண்டு. காவுதடி, காவடி ஆகிய சொற்களில் அது நிற்கிறது. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளிலோ, சன்னலுக்கு வெளியே துணி உலர்த்த நீட்டிய மூங்கில் கழிகள் ஒரு தலைமுறையின் அடையாளமாகவே இருந்தன.

வெட்டுதலும் முடைதலும்

மூங்கிலைப் பயன்படுத்துவோர் அதை எப்போது, எங்கே வெட்டுவது என்பதில் மிகுந்த கவனம் கொள்வர். புதரின் வெளிப்புறத்தில் இளங்கழிகளும் நடுவில் முதிர்ந்த கழிகளும் நிற்கும். மூன்று ஆண்டு கடந்த கழியே வெட்டத் தக்கது. முளை விடும் பருவத்தில் வெட்டினால் புதர் நலியும். கழியில் மாவுப்பொருள் மிகுந்தால் வண்டு துளைத்து உளுக்கச் செய்யும். ஆகவேதான் வெட்டிய மூங்கிலை நீரில் ஊறவைத்து மாவுப்பொருளைக் கரைக்கும் வழக்கம் உண்டாயிற்று. வெட்டும் இடம் கணுவுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். கணுவுக்கு மேல் நெடுந்தொலைவு விட்டு வெட்டினால் மிஞ்சும் கட்டை கிண்ணமாகி மழைநீர் தேங்கும், கொசு முட்டையிடும். டெங்கி அச்சம் நீங்காத நம் நாடுகளுக்கு இது சிறு செய்தியன்று.

வெட்டிய பின்னர் தொழிலின் சொற்கள் தொடங்குகின்றன. முழுத்தண்டு கழி, நெடுக்காகப் பிளந்த பட்டை பிளாச்சு, ஒடிந்த எலும்புக்குக் கட்டும் பட்டை தப்பை, கையில் தைக்கும் நுண்கீற்று சிலாம்பு. கூடையும் முறமும் முடையப்படுகின்றன. கட்டப்படுவதோ செய்யப்படுவதோ இல்லை. கட்டட வேலையில் ஏறி நிற்க அமைப்பது சாரம். மறைப்பாக நிறுத்துவது தட்டி. தானியம் காக்கவோ பொருள் அடுக்கவோ உயரத்தில் அமைப்பது பரண். இச்சொற்கள் எவையும் அரிய சொற்களல்ல. நம் பாட்டன் பாட்டியர் நாள்தோறும் பேசியவை. அவர்கள் கைத்தொழிலை விட்டபோது அச்சொற்கள் வீட்டைவிட்டுச் சென்றன. இன்று முடைதல் என்ற வினையை அகராதியில் தேடும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

ஆசிரியர்க்குச் சில வேண்டுகோள்கள்

முதலாவதாக, சொல்லைப் பொருளுக்கு அருகே கொண்டுசென்று கற்பிப்போம். கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கில், வன ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகத்தில் பல மூங்கில் இனங்கள் வளர்க்கப்படுகின்றன. அவ்வளவு தொலைவு செல்ல இயலாவிடில், பூங்காவில் உள்ள ஒரு புதர் போதும். மாணவர் முளை, மடல், கணு, கணுவிடை, கழி ஆகியவற்றைத் தொட்டுப் பெயர் சொல்லட்டும். பின்னர் குறுந்தொகைப் பாடலைப் படிக்கட்டும்.

இரண்டாவதாக, தமிழில் சொல் உள்ள பொருளுக்கு அச்சொல்லை வழங்குவோம். இம்மண்ணுக்கே உரிய பொருளை அதன் பெயராலேயே ஏற்போம். ரெபோங்குக்கு முளை என்ற சொல் இருக்கிறது. குருத்து என்றும் கூறலாம். லெமாங்குக்குப் புதுப்பெயர் படைக்க வேண்டுவதில்லை; அது லெமாங் என்றே தமிழில் இருக்கட்டும். தோட்ட மக்கள் சுமந்த காண்டா என்ற சொல்லையும் கொச்சை என்று தள்ளாமல், நம் வட்டார வழக்காகப் பதிவு செய்வோம்.

மூன்றாவதாக, மாணவர்களை மூத்தோரிடம் அனுப்புவோம். முறம் முடைந்த கை, சாரம் கட்டிய கை, காண்டா சுமந்த தோள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கின்றன. ஒரு மாணவர் தம் பாட்டியிடம் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதி வந்தால், அது எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம். இந்தப் பணிக்குக் காலக்கெடு உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆற்றங்கரையும் மூங்கிலும் போல என்று மலாய் மொழியில் ஓர் உவமைத்தொடர் வழங்குகிறது. மூங்கிலின் வேர் கரையை அரிக்கவிடாமல் பிடிக்கிறது. கரை மூங்கிலுக்கு நிற்க இடம் தருகிறது. ஒன்றையொன்று தாங்கி வாழ்வோரை அவ்வாறு கூறுவர். சொல்லும் பொருளும் அத்தகையவையே. பொருளை அறியாதவரிடம் சொல் நிலைப்பதில்லை. சொல் இல்லாதவர் பொருளை உற்றுப் பார்ப்பதும் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேரப் பிள்ளைகளிடம் சேர்ப்பிக்கும் வாய்ப்பு, வரும் திங்கட்கிழமை வகுப்பிலேயே உங்களுக்கு இருக்கிறது.